பீப்பாய் தந்த சுவை

மது என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. தோட்டப்புறத்தில் சம்பளப் பணத்தைக் கள்ளுக்கடையிலும், பின்னர் மலிவான சம்சுவிலும் கரைத்துவிட்டுக் கண்ணீரில் நின்ற குடும்பங்கள் எத்தனை! என் பாட்டியும் அப்படியொரு வீட்டில் வாழ்ந்தவர்தான். ஆகவே, விஸ்கியைப் பற்றி இவ்விதழில் எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். நாவு அறிந்த ஒன்றைத் தமிழில் சொல்லிப் பார்க்கும் ஆசையே இறுதியில் வென்றது.

எனக்கு வயது 22. மது வாங்க நம் நாட்டில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி 2017 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. ஆகவே, சட்டம் என்னைத் தடுக்கவில்லை. கடந்த தீபாவளியன்று மாமா ஒரு போத்தலைத் திறந்தார். 'கிளென்ட்ரோனாக்' என்ற ஸ்காட்ச் விஸ்கி. பன்னிரண்டு ஆண்டு முதிர்ந்தது.

"உடனே குடிக்காதடா. மொதல்ல மோந்து பாரு" என்றார்.

உலர்ந்த திராட்சையும் பேரீச்சம்பழமும் மணத்தன. ஆனால், முதல் மிடறு தொண்டையைச் சுட்டது. 43 விழுக்காடு அல்லவா! மாமா சில துளி தண்ணீர் விட்டுத் தந்தார். இரண்டாவது மிடற்றில் கருப்பட்டிப் பாகு, ஆரஞ்சுத் தோல், கிராம்பு என ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. கடைசியில் கடுந்தேநீரின் துவர்ப்பு நாவில் தங்கியது. கோலாவில் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் விஸ்கியை மட்டுமே அறிந்திருந்த எனக்கு இது புதிது.

அடுக்களை வாசலில் நின்றிருந்த பாட்டி, "மூடி வெச்சிட்டியா?" என்று கேட்டார்.

"வெச்சிட்டேம்மா" என்றார் மாமா. பாட்டி அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இந்தச் சுவை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். புதிதாக வடித்த விஸ்கிக்கு நிறமே இல்லை. குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்தால்தான் அது ஸ்காட்ச். நிறத்தையும் சுவையில் பெரும்பங்கையும் அந்த மரமே தருகிறது. ஷெர்ரி என்பது தென் ஸ்பெயினின் ஹெரேஸ் வட்டாரத்துத் திராட்சை மது. முன்பு அது பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலேறும். காலியான பீப்பாய்களை ஸ்காட்லாந்து வடிசாலைகள் வாங்கிக்கொண்டன. 1980களில் ஷெர்ரி ஸ்பெயினிலேயே போத்தலில் அடைக்கப்படலானதும் அந்த வரத்து நின்றது. இன்று விஸ்கிக்கென்றே பீப்பாய் செய்து, அதில் ஷெர்ரியை ஓரிரு ஆண்டுகள் ஊறவைத்து அனுப்புகிறார்கள். மாமாவின் விஸ்கி இருவகைப் பீப்பாய்களில் முதிர்ந்தது. ஒலரோசோ வகை ஷெர்ரி பருப்பு மணமுடையது. பெட்ரோ ஹிமேனெஸ் வகையோ வெயிலில் உலர்த்திய திராட்சையிலிருந்து வருவது, பாகுபோல் இனிக்கும்.

நண்பர்களே, யாரையும் குடிக்கச் சொல்லி இதை நான் எழுதவில்லை. பாட்டி பட்ட துயரத்தை எந்தப் பீப்பாயின் கதையும் ஆற்றிவிடாது. போதைக்காகக் குடித்தவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அவருடைய அச்சம் நியாயமானது. எனக்குப் பிடித்திருந்தது போதையன்று, அந்த மணமும் பொறுமையும். மாமா ஊற்றியது ஒரு விரற்கடை அளவுதான். அது தீர அரைமணி நேரமானது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து வந்ததை ஒரே மடக்கில் விழுங்க மனம் வரவில்லை.