கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அப்பாவின் காலும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. காரணம் அப்பா. நல்லாத்தான் இருக்காரு, பயப்படாதீங்க.

மதுரையில எங்க வீட்டுலேர்ந்து கடைத்தெருவுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஊருக்குப் போயிருந்தப்ப அப்பாவோட நடந்தேன். வழியில ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நின்னு, தோற்றம் மறைவு தேதியிலேர்ந்து பேரன் பேத்தி பேரு வரைக்கும் வாசிச்சாரு. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. அங்கயும் அதே. "யாருப்பா, தெரிஞ்சவரா?"ன்னா, "சும்மாதான்டா"ங்கறாரு. வயசாயிடுச்சு, சாவு நினைப்பு வந்துடுச்சு போலன்னு நான்பாட்டுக்குத் தத்துவமா யோசிச்சுட்டே வந்தேன். மடையன்!

விஷயம் போஸ்டர்ல இல்லை, கெண்டைக்கால்ல. கொஞ்ச தூரம் நடந்தா வலது காலைக் கவ்விப் பிடிக்குமாம். ரெண்டு மூணு நிமிஷம் நின்னா விட்டுடுமாம். நடுத்தெருவுல சும்மா நின்னா யாராச்சும் கேப்பாங்களேன்னுதான் இந்த வாசிப்பு. ஜெர்மன்காரங்க இதுக்குக் 'கடை ஜன்னல் நோய்'னே பேரு வச்சிருக்காங்க. வலிக்கு நின்னுட்டு, கடைக் கண்ணாடியை வேடிக்கை பாக்கற மாதிரி நடிக்கறதாலயாம். நம்ம ஊருக்குக் கண்ணீர் அஞ்சலி நோய்னு வச்சுக்கலாம்.

ஒரு வருஷமா இருந்திருக்கு. கேட்டா "நரம்பு இழுக்குதுடா"ன்னாரு. இங்கதான் நம்ம பேச்சுத்தமிழ் காலை வாரிடுது. நமக்கு நரம்பும் நரம்பு, ரத்தக்குழாயும் நரம்பு, தசைநாரும் நரம்பு. அதனால முதல்ல எண்ணெய் போட்டு நீவல், அப்புறம் முதுகுக்கு எக்ஸ்ரே. முதுகுத்தண்டால வர்ற வலின்னா பெரும்பாலும் உக்காந்தாலோ குனிஞ்சாலோதான் குறையும். அப்பாவுக்குச் சும்மா நின்னாலே போதும். அதை யாரும் கேக்கல. நானும் கேக்கல.

கடைசியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா செருப்பைக் கழட்டச் சொல்லி, பாதத்து மேல விரலை வச்சுத் துடிப்பு தேடினாங்க. இடது கால்ல கிடைச்சுச்சு. வலதுல இல்லை. கையில எடுக்கற பிரஷரையே கணுக்கால்லயும் எடுத்தாங்க. கையில 150, கணுக்கால்ல 90. வகுத்தா 0.6. இது 0.9 அல்லது அதுக்குக் கீழன்னா காலுக்கு ரத்தம் கொண்டுபோற தமனியில அடைப்புன்னு அர்த்தம். ரொம்ப வருஷமா சர்க்கரை இருக்கறவங்களுக்குக் குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சு இறுகியிருந்தா இந்தக் கணக்கு பொய் சொல்லும். அதனால டாப்ளர் ஸ்கேனும் ஆச்சு.

12 வருஷ சர்க்கரை, 40 வருஷ பீடி.

"காலை எடுத்துருவாங்களா?" அப்பாவோட முதல் கேள்வி அதுதான். (பெரியப்பாவுக்கு எடுத்தாங்க. எங்க வீட்டுல யாரும் அதைப் பேசறதில்லை.) இந்த நிலையில அந்தப் பயம் அவ்வளவா வேண்டாம், ஆனா கால்ல அடைச்சவருக்கு இதயத்துலயும் மூளையிலயும் அடைக்கலாம், அதுக்குத்தான் பயப்படணும்னாங்க. ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஸ்டேடின். பீடி அறவே கூடாது. காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது. தினமும் விரலிடுக்கு வரைக்கும் புண் இருக்கான்னு பாக்கணும். வெறுங்காலோட நடக்கக் கூடாது.

"கோயிலுக்கு?"

"சாக்ஸ் போட்டுட்டு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க."

வேடிக்கை என்னன்னா, நடந்தா வலிக்கற காலுக்கு நடைதான் மருந்து. நல்லா வலிக்கற வரைக்கும் நட, நில்லு, விட்டதும் திரும்ப நட. இப்படி அரைமணி நேரமாச்சும், வாரம் 3 நாளாச்சும், 3 மாசம். அடைப்பு கரையாது. கிடைக்கற ரத்தத்தை வச்சுப் பிழைச்சுக்க தசை கத்துக்கும், அவ்வளவுதான். மூணாம் மாசக் கடைசியில அப்பா நிக்காமலே கடைத்தெரு வரைக்கும் போயிட்டாரு. போஸ்டரை யாரு படிக்கறாங்களோ தெரியல.

இப்ப நான் தினமும் போன்ல ஒரே கேள்விதான் கேக்கறேன், "ராத்திரி படுத்தா கால் வலிக்குதாப்பா?" படுத்திருக்கும்போதே வலிச்சு, காலைக் கட்டிலுக்குக் கீழ தொங்கப் போட்டாத்தான் குறையுதுன்னா நோய் முத்திடுச்சுன்னு அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

நேத்தும் "இல்லடா"ன்னாரு.

"பீடி?"ன்னேன்.

போனை அம்மாகிட்ட குடுத்துட்டாரு.