மிதந்தது தேங்காய், முழுகியது மானம்!

‘பொருட்களைப் பிரித்து வைக்க வீட்டில் பழக்குங்கள்’ என்று எல்.கே.ஜி. மிஸ் சொல்லி அனுப்பியிருந்தார். பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி! டெபிட், கிரெடிட்டையே பிரித்தவனாச்சே!

முத்தியால்பேட்டை வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் அண்டா முன்னால் உட்கார்ந்தோம், நானும் மகளும்.

‘‘கனமா இருந்தா முழுகும். லேசா இருந்தா மிதக்கும். புரியுதா?’’

ஊக்கைப் போட்டாள். முழுகியது. மாமியார் வீட்டு மட்டைத் தேங்காயை ரெண்டு கையாலும் தம் கட்டித் தூக்கிப் போட்டாள். ஜம்மென்று மிதந்தது!

‘‘அப்பா, அப்ப ஊக்குதான் கனமா?’’

‘‘ஒழுங்கா போடு!’’ அதட்டினேன். மறுபடி போட்டாள். மறுபடி மிதந்தது. தப்பு தன்மேல்தான் என்று உதட்டைப் பிதுக்கினாள் குழந்தை.

‘‘தேங்காய்க்கு உங்க பாடம் தெரியாதுங்க!’’ அடுப்படியிலிருந்து மனைவி.

ராத்திரி புத்தகம் புரட்டினேன். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர் இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி. அவருடைய வண்ண அட்டைகளில் அளவும் வடிவமும் ஒன்றே. நிறம் மட்டும் வேறு. ஒரு நேரத்தில் ஒரே குணம்! நானோ கனத்தையும் மிதப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். தேங்காய் கனம்தான், ஆனால் அதே பருமனுள்ள தண்ணீர் அதைவிடக் கனம். அதனால் மிதக்கிறது.

காலையில், ‘‘அப்பாதான் தப்பா சொல்லிட்டேன், கண்ணு’’ என்றேன்.

அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: ‘‘அப்ப நீ முழுகினதா, மிதந்ததா?’’