பீளமேட்டுப் பட்டறை

எண்பதுகளில் திருப்பூர் நகராட்சிப் பள்ளிகளில் படித்தவர்களுக்குக் கல்விச் சுற்றுலா என்றால் கோயமுத்தூர்தான். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் காசுள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. எங்களுக்கு வ.உ.சி. பூங்காவில் கொஞ்ச நேரம், ஜி.டி.நாயுடு வைத்த தொழிற்காட்சியில் கொஞ்ச நேரம், மீதி நேரம் முழுக்கப் பீளமேடு பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே எங்கள் அறிவியல் வாத்தியாருக்குத் தெரிந்தவர் ஒருவர் வேலையில் இருந்தார். அந்தக் காலத்தில் அனுமதி வாங்குவது என்பது அவ்வளவுதான்.

அவிநாசி, கருமத்தம்பட்டி, நீலாம்பூர், சின்னியம்பாளையம் என்று போகும் வழியிலேயே பாதிப் பாடம் நடந்துவிடும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மில்கள். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் இந்த வட்டாரத்தில் மில்கள் இப்படிப் பெருகின என்று வாத்தியார் பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்வார். கண்டக்டர்கள் ‘சித்ரா, சித்ரா’ என்று கூவும் நிறுத்தம் 1956ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். அதைத் தாண்டினால் பீளமேடு.

அந்தக் கல்லூரியின் கதையை நுழைவாயில் பக்கத்து மரத்தடியில் உட்கார வைத்துச் சொன்னார்கள். பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நான்கு பேர் சொத்தைப் பங்கு பிரித்தபோது தர்மத்தையும் ஒரு பங்காளியாக வைத்து ஐந்தாம் பங்கை ஒதுக்கினார்கள். 1926ல் அதுவே அறக்கட்டளையானது. முதலில் தொழிற்பட்டறை, கல்லூரி பின்னால் 1951ல். முதல் முதல்வர் ஜி.ஆர்.தாமோதரன், அறிவியலைத் தமிழில் கொண்டுவர ‘கலைக்கதிர்’ மாத இதழை நடத்தியவரும் அவரே. பட்டறை முந்தியது, வகுப்பறை பிந்தியது என்ற இந்த வரிசை எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. இப்போது அந்த இடத்தைப் பற்றி யோசித்தால் எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியமாகத் தெரிகிறது. சுற்றிக் காட்டுகிறவர்களும் அதே வரிசையில்தான் காட்டினார்கள்.

நேராகப் பட்டறைக்குத்தான் கூட்டிப்போனார்கள். தச்சு, ஃபிட்டிங், கொல்லுப் பட்டறை, லேத் என்று ஒவ்வொன்றாக. கூட வந்தது காக்கிச் சட்டை போட்ட பட்டறை ஆசிரியர். பேராசிரியர் யாரும் வரவில்லை. பின்னால் வரும் அண்ணன்மார், அதாவது இரண்டாம் வருஷ மாணவர்கள், எங்களை வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டார்கள். வார்ப்படச் சாலையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். உருகிய இரும்பைக் கரண்டியிலிருந்து மணல் அச்சில் ஊற்றியபோது முகத்தில் அடித்த அனல் இன்னும் நினைவிருக்கிறது. அச்சுக்குள் போனது பம்பு செட்டின் உடல் என்றார் ஆசிரியர். எங்கள் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற அதே மாதிரிப் பம்பு. கோயமுத்தூரில் மோட்டார், பம்பு என்பது குடிசைத் தொழில் மாதிரி. 1937ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின் மோட்டாரிலிருந்து அந்த வரலாறு ஆரம்பிக்கிறது. இதே ஜி.டி.நாயுடு 1945ல் கோவையில் தொடங்கிய பாலிடெக்னிக்கின் முதல்வராக இருந்தவர்; நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் சொல்லித்தர முடியும் என்று அரசாங்கத்தோடு வாதாடி, அவர்கள் ஒப்பாததால் பதவியை விட்டவர். அந்தப் பிடிவாதத்தில் பாதியாவது நம் பாடத்திட்டக் குழுக்களுக்கு வேண்டும்.

கம்ப்யூட்டர் அறைக்குள் போக எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். கோயிலுக்குப் போவது போல் உள்ளே போய், குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். அவ்வளவுதான் ஞாபகம். அங்கே எதையும் தொட விடவில்லை.

தொட விட்டது ஜவுளி ஆய்வுக்கூடத்தில். அதனால்தானோ என்னவோ, அந்த நாளில் அது மட்டும் மனசில் அப்படியே இருக்கிறது.

திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு நூல் புதுசில்லை. பிறந்ததிலிருந்து கோன் அட்டைகளில் விளையாடியவர்கள் நாங்கள். எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் முப்பதாம் நம்பர் நூல் எது, நாற்பதாம் நம்பர் எது என்று தெரியும். நம்பர் கூடினால் நூல் மெலிசு. இருபதாம் நம்பர் கனம். நிட்டிங் மெசின்காரர், கட்டிங் மாஸ்டர், வேஸ்ட் வியாபாரி எல்லோரும் நாள் முழுக்க நம்பர் பேசுவார்கள். அந்த நம்பர் எதைக் கணக்குப் பண்ணுகிறது என்று யாரும் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன ராட்டை மாதிரி ஒன்று இருந்தது. சுற்றளவு ஒன்றரை கஜம். என்னைக் கூப்பிட்டுக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார் ஆசிரியர். எண்பது சுற்று. மற்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். எண்பது சுற்றினால் 120 கஜம். அந்தச் சிறு கண்ணியைக் கழற்றித் தராசில் வைத்தார். இரண்டு கிராமுக்குச் சற்று மேலே காட்டியது.

“இது முப்பதாம் நம்பருங்க கண்ணுகளா. 840 கஜம் ஒரு சிட்டம். இந்த நூல்ல முப்பது சிட்டம் சேர்ந்தாத்தான் ஒரு பவுண்டு எடை வரும். நாற்பதாம் நம்பருன்னா நாற்பது சிட்டம் வேணும். அதனாலதான் நம்பர் ஏற ஏற நூல் மெலியுது.”

கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். முப்பதை 840ஆல் பெருக்க 25,200 கஜம். ஏறத்தாழ 23 கிலோமீட்டர். இரண்டு பவுண்டு நூலை நீட்டினால் பீளமேட்டிலிருந்து கிட்டத்தட்டத் திருப்பூர் வந்துவிடும் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் புரளும் ஒரு வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு ஒழுங்கான கணக்கு இருந்திருக்கிறது. எங்கள் ஊரே படித்திராத ஒரு பாடத்தைத்தான் எங்கள் ஊரே தினமும் நடத்திக்கொண்டிருந்தது.

அடுத்து துணியின் கனம். வட்டமான ஒரு வெட்டுக் கருவியைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருப்பினால் சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் வில்லை விழும். அதை நிறுத்து நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. ஜி.எஸ்.எம். என்று ஏற்றுமதிக்காரர்கள் அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். உள்ளூர் பனியனுக்கு டஜன் எடைதான் கணக்கு. நிறுத்த வில்லையை என்னிடமே கொடுத்துவிட்டார். ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் 150 என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா கட்டிங் மாஸ்டர். வில்லையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இரண்டு தரம் தேய்த்தார். நான் எழுத்தை மறைத்துக் கொடுத்திருந்தேன்.

“நூத்தி நாப்பத்தஞ்சு.”

“இல்லீங்கப்பா, நூத்தி அம்பதுன்னு மெசின் சொல்லுது.”

“எந்த ரூம்ல வெச்சு நிறுத்தாங்க அம்மணி?”

குளிர்ச்சியான ரூம், ஈரப்பதம் 65 சதவீதத்தில் வைத்திருப்பார்களாம், பஞ்சு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் எல்லாத் துணியையும் ஒரே ஈரத்தில் வைத்துத்தான் நிறுப்பார்களாம் என்று ஆசிரியர் சொன்னதை ஒப்பித்தேன். அப்பா வில்லையைத் திருப்பித் தந்தார். “அதான். அங்க ஈரம் குடிச்ச துணி கனக்கும். நம்மூர்ச் சித்திரை வெயில்ல காஞ்ச துணி நூத்தி நாப்பத்தஞ்சுதான் வரும்.” இரண்டு பேர் சொன்னதும் சரி. அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். பஞ்சு எவ்வளவு ஈரம் குடிக்கும் என்பதற்குப் புத்தகத்தில் ஒரு எண் உண்டு, எட்டரை சதவீதம். அப்பாவுக்கு அது விரலில் இருந்தது.

வீட்டு நிலைமைக்கு இஞ்சினியரிங் எட்டவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து ஊரிலேயே துணி சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்தேன். அந்த வட்டக் கத்தியைத்தான் பிறகு பல வருஷம் திருப்பிக்கொண்டிருந்தேன். 1997ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில் முதலிபாளையத்தில் பின்னலாடைக்கென்றே ‘நிஃப்ட் டீ’ கல்லூரி வந்தது. எங்கள் ஊர்த் தொழிலைக் கற்க நாங்கள் அவிநாசி ரோட்டில் மேற்கே போன காலம் மாறி, மற்ற ஊர்ப் பிள்ளைகள் பஸ் ஏறி இங்கே வந்தார்கள். ஐ.வி., அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட் என்பார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்குப் பிறகு, அருள்புரம் போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்க்கவும் மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். சாயக் கழிவால் நொய்யல் ஆற்றைக் கெடுத்த ஊர், அந்தச் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி சாயமிட எடுப்பதைக் காட்டும் ஊராகவும் ஆனது. இரண்டும் உண்மை. வருகிறவர்களுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் சொல்கிறோம்.

இரண்டு வருஷம் முன்னால் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தனியார் கல்லூரிக்குப் போயிருந்தேன். பேட்டரி வண்டியில் ஏற்றி வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். ஏசி ஆடிட்டோரியம், நீச்சல் குளம், ஹாஸ்டல் மெஸ், வேலைக்குப் போனவர்களின் படம் ஒட்டிய நீளச் சுவர். பட்டறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் லீவு என்றார் எங்களைச் சுற்றிக் காட்டிய பெண், மரியாதையாகத்தான். வேறு பெற்றோர் யாரும் பட்டறையைக் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. காட்டுகிறவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, நாமும் கேட்பதில்லை.

2022ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அரசுப் பள்ளிப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரிக் களப்பயணம் கூட்டிப்போகிறார்கள். நல்ல காரியம். எங்களுக்கு வாத்தியாரின் தனிப்பட்ட பழக்கத்தால் கிடைத்தது இப்போது எல்லோருக்கும் அரசாங்கமே செய்து தருகிறது. பவர் டேபிளில் ஓவர்லாக் ஓட்டும் அம்மாவின் பிள்ளை, அயர்ன் மாஸ்டரின் பிள்ளை, வடக்கேயிருந்து வந்து இங்கே செக்கிங் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளை எல்லோரும் அந்தப் பஸ்ஸில் இருக்கிறார்கள்.

அந்தப் பயணங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கும் கதவைத் திறக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மெசின் ஓடுகிற நாளாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். பட்டறையையும் ஆய்வுக்கூடத்தையும் முதலில் காட்டுங்கள், ஆடிட்டோரியம் கடைசியில் இருக்கட்டும். விளக்கம் சொல்வதை, அந்த மெசினைத் தினமும் ஓட்டுகிறவரிடமே விடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு கைப்பிடியைத் தன் கையால் சுற்றிப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள்.