தேரியில் நின்ற வண்டி

குதிரைமொழித் தேரிக்குள் ரோடு என்று ஒன்று அப்போது கிடையாது. உடன்குடிப் பக்கமிருந்து வரும் தார் ரோடு ஓரிடத்தில் சட்டென்று முடியும். அதற்கப்புறம் மணல்தான். வெளியூர்க்காரர்கள் அதைச் செம்மண் என்பார்கள். அது மண் இல்லை, இரும்புத் துரு ஏறிய மணல். ஆனி, ஆடியில் மேல்காற்று எழும்பினால் மேடுகள் இடம் மாறிவிடும். காலையில் போன தடம் சாயங்காலம் இருக்காது. மாட்டு வண்டியே திணறும் அந்த மணலில் அப்பா ஒரு டிவிஎஸ் 50-ஐ ஓட்டினார்.

அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். பங்குனியில் பதநீர் இறங்க ஆரம்பித்தால், தேரிக்குள் இருந்த விளைகளுக்குப் போய், பனையேறிகள் வீட்டில் காய்ச்சி வைத்திருக்கும் கருப்பட்டியை ஓலைப்பெட்டியோடு வாங்கி, உடன்குடிக் கடையில் சேர்க்க வேண்டும். அதற்கு அந்த வண்டியை விட்டால் வேறில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த மொபெட் அது. இரண்டு பேர் உட்காரலாம் என்பது அதன் பெருமை. எங்கள் வீட்டில் இரண்டாவது ஆளின் இடத்தில் பெட்டிகள் உட்கார்ந்தன. கிளட்ச் லீவர் கிடையாது, கியர் மாற்ற வேண்டாம், பெடலை மிதித்தால் கிளம்பிவிடும். மணலில் புதைந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்துவிடலாம். கோடை லீவில் பெட்டிகளுக்கு இடையில் கிடைத்த இடம் எனக்கு. மேடு வந்தால் குதித்துத் தள்ளுவது என் வேலை.

1980-களின் கடைசியில் ஒரு கோடையில் வண்டி மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. முதலில் மேட்டில் மட்டும். அப்புறம் சமதரையிலும். ஆக்சிலேட்டரைத் திருகினால் 'பொட் பொட்' என்று விட்டுவிட்டு வெடித்து, குலுங்கி, நட்ட நடுத் தேரியில் நின்றுவிடும். உடைமர நிழலில் உட்கார்ந்து, பானையில் கொண்டுபோன தண்ணீரைக் குடித்து முடித்து மிதித்தால் ஒன்றுமே நடக்காததுபோல எடுத்துக்கொள்ளும். அதுதான் அப்பாவுக்கு ஆத்திரம். ஒரேயடியாகக் கெட்டுப்போனால் திட்டவாவது செய்யலாம்.

டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "பெட்ரோல்ல மண்ணெண்ணெய கலக்கானுவ அண்ணாச்சி." "பிளக்க மாத்தும், சரியாப் போவும்." அப்பா பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவார். ஒருநாள் ஓடும். டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் அரை மெக்கானிக்காக இருந்த காலம் அது. அந்த அரைதான் ஆபத்து.

முழு மெக்கானிக் ஒருவர் வேப்பமரத்தடியில் கடை போட்டிருந்தார். போர்டு கிடையாது. எனக்கு மாமா முறை வைத்துக் கூப்பிடுகிற பழக்கம். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஸ்பேனரைத் தொடமாட்டார், முதலில் கேள்விதான்.

"ஓட ஓட நிக்குதா, எடுக்கையிலேயே மக்கர் பண்ணுதா?"

"ஓட ஓடத்தான்."

"நின்ன பெறவு உடனே எடுக்கா, கொஞ்சம் ஆறணுமா?"

"அதக் கண்டுபிடிக்கத்தானவே உம்மகிட்ட வந்திருக்கேன்" என்றார் அப்பா.

மாமா பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முனை கரியேறி, ஈரமாக, வழவழப்பாக இருந்தது. இஞ்சின் தனக்குத் தேவையான காற்று கிடைக்காமல் பெட்ரோலாகக் குடிக்கிறது என்று அதற்கு அர்த்தம். பிளக் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு அதிகம். இதை எனக்கு அவர் பாடமாக நடத்தவில்லை. கடையில் கிடந்த பழைய பிளக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது எந்த வீட்டுச் சாப்பாடு, சொல்லு பாப்பம்" என்பார்.

ஏர் பில்டரைத் திறந்தார். உள்ளே சின்னத் தேரியே இருந்தது. அந்தச் செம்மணலின் பொடி எண்ணெயில் ஒட்டி அடைத்துக்கொண்டிருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் இது சாதாரண விஷயம் இல்லை. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜோசப் டே என்பவர் அமைத்த ஏற்பாட்டில்தான் இந்தச் சின்ன இஞ்சின்கள் இன்றும் ஓடுகின்றன. வால்வு, கேம் எதுவும் கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிராங்க் அறைக்குள் இழுக்கப்படும், கீழே வரும்போது அமுங்கிச் சிலிண்டருக்குள் ஏறும். ஆகவே பில்டரைத் தாண்டுகிற மணல் நேராகக் கிராங்க் பேரிங்கில் போய் விழும். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவதும் இதனால்தான். உள்ளே வேறு எண்ணெய் கிடையாது.

அந்த ஆயில் விஷயத்திலும் அப்பா மாட்டினார். லிட்டருக்கு 40 மில்லி என்பது மாமாவின் கணக்கு. அப்பா, சுமை அதிகம் என்று கையளவில் கூடவே ஊற்றிவந்திருக்கிறார். ஆயில் கூடினால் இஞ்சினுக்கு நல்லது என்று ஊரே நம்பியது. பின்னால் வரும் புகைதான் கூடும், சைலென்சரில் கரிதான் கட்டும். மாமா சைலென்சரைக் கழற்றிக் காய்ந்த பனைமட்டைத் தீயில் போட்டார். உள்ளே இருந்த எண்ணெய்க்கரி பற்றி எரிந்து, வாய்வழியாக நீலச் சுடர் வந்தது. ஆறியதும் தட்டினால் கரிச் சில்லு சில்லாகக் கொட்டியது. கருப்பட்டி காய்ச்சின அடுப்புக்கூட அவ்வளவு கரி பிடித்து நான் பார்த்ததில்லை.

டூ ஸ்ட்ரோக்கில் சைலென்சர் சத்தத்தைக் குறைக்க மட்டும் வைத்த குழாய் இல்லை. அதிலிருந்து திரும்பி வருகிற அழுத்த அலை, வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். கிழக்கு ஜெர்மனியின் எம்சட் கம்பெனியில் வால்டர் காடன் 1950-களில் இந்த வித்தையைப் பந்தய வண்டிகளுக்கென்று செதுக்கினார். அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் ஸ்வீடன் பந்தயத்தோடு மேற்குப் பக்கம் தப்பிப்போய் சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. எங்கள் வண்டியும் 50 சிசிதான் என்பதால், பிற்பாடு இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பில்டர் கழுவி, சைலென்சர் சுட்டு, பாயிண்ட் தேய்த்து இடைவெளி வைத்து வண்டி வீட்டுக்கு வந்தது. பிக்கப் அபாரம். மறுநாள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனோம். அதே தேரி, அதே குலுக்கல், நின்றுவிட்டது. ஆனால் சத்தம் வேறு. முன்பு தடித்து வெடித்தது, இப்போது மெலிந்து இழுத்து, பட்டென்று அடங்கியது. அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். மாமாவுக்கு இல்லை. நான் வாயாலேயே இரண்டு சத்தத்தையும் செய்துகாட்டினேன், அவர் சிரிக்கவில்லை. பிளக்கைக் கழற்றினார். இந்தத் தடவை காய்ந்து, வெளுத்துக் கிடந்தது.

ஆக, இரண்டு வியாதி. ஒன்று மற்றதை மறைத்திருக்கிறது. இப்போது பெட்ரோல் போதவில்லை. டேங்கைத் திறந்து பார்த்தார், பாதிக்குமேல் இருந்தது. கார்புரேட்டர் குழாயைப் பிடுங்கினால் பெட்ரோல் தாராளமாக ஊற்றியது. ஜெட்டை ஊதினார், அடைப்பில்லை. சூடேறினால் கண்டன்சர் இப்படித்தான் காலை வாரும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். மாமா தலையாட்டவில்லை. கண்டன்சர் போனால் பிளக் வெளுக்காது. பீடி ஒன்றைப் பற்றவைத்து டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். (பெட்ரோல் பக்கத்தில் பீடி, அந்தக் காலத்துக் கடைகள் எரியாமல் இருந்ததே அதிசயம்.) பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏல தம்பி, அடுத்த தடவ நிக்கும்லா, அப்பாவ எதையும் தொட விடாத. டேங்க் மூடிய மட்டும் மெல்லத் திறந்து காத வச்சுக் கேளு. என்ன கேக்குன்னு வந்து சொல்லு."

கற்குவேல் அய்யனார் கோயில் பக்கத்து மேட்டில் வண்டி நின்றது. மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. மிதித்தால் உடனே எடுத்தது.

டேங்க் மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைக் கீழே விடாது. கொஞ்ச நேரம் நிறுத்தினால் குழாய்வழியாகவே காற்று ஊறி ஏறும், வண்டி எடுக்கும், மறுபடி நிற்கும். கடையிலோ சோதிக்க வேண்டுமென்று முதலில் மூடியைத்தான் திறக்கிறோம். அதோடு வியாதியும் ஓடிவிடுகிறது. துளையை அடைத்தது எது? கருப்பட்டி. பெட்டி ஏற்றின பிசுக்குக் கையோடு அப்பா மூடியைத் திறந்து மூட, அந்தப் பாகில் தேரி மணல் ஒட்டி இறுகியிருந்தது. மாமா வெந்நீரில் மூடியைப் போட்டுவிட்டுத் தையல் ஊசியால் குத்தினார். கூலி வேண்டாம் என்று சொல்லி இரண்டு கருப்பட்டி வாங்கிக்கொண்டார்.

2015-ல் அந்த வம்சத்தில் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. புகை விதிகள் இறுகவே நம் பக்கத்து ரோடுகளில் புது டூ ஸ்ட்ரோக் வண்டி இல்லாமல் போயிற்று. புகைக்காக அது போனது நல்லதுதான். ஆனாலும் பழைய வண்டியை இன்னும் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். ஓட ஓட நின்று, ஆறினதும் எடுக்கிறதா? பிளக்கில் கைவைக்காதீர்கள், கடைக்கும் தள்ளாதீர்கள். நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள்.