மூழ்காத கப்பல்

என் பாட்டனார் சித்தூரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்து பம்பாயில் கிடங்குக் கணக்கு எழுதியவர். கடலே இல்லாத ஊரிலிருந்து கடற்படைக்குப் போனவர் என்று ஊரார் கேலி செய்வார்களாம். அவர் போர்முனையைக் கண்டவர் அல்லர். ஆயினும் ‘பெங்கால்’ என்னும் கப்பலின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால், தாமே அதில் நின்று போரிட்டவர்போல் அவர் குரல் உயரும். நானும் என் தம்பியும் திண்ணையில் அமர்ந்து அதனைப் பன்முறை கேட்டிருக்கிறோம்.

பெங்கால் பெரிய போர்க்கப்பல் அன்று. கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளை அகற்றவும், பிற கப்பல்களுக்குக் காவலாகச் செல்லவும் சிட்னி நகரில் கட்டப்பட்டது. எடை சுமார் 650 டன். 1942 ஆகஸ்டில் ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. சிறிய 12 பவுண்டுப் பீரங்கி ஒன்றே அதன் முதன்மையான ஆயுதம்.

அவ்வாண்டு நவம்பரில் ‘ஒண்டீனா’ என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து டீகோ கார்சியா தீவை நோக்கி அது புறப்பட்டது. 11ஆம் தேதி, கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நடுக்கடலில், ஜப்பானியரின் ஹொகோகு மாரு, ஐகோகு மாரு என்னும் இரு கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேற்பட்டது. பெங்காலின் தலைவரான லெப்டினன்ட் கமாண்டர் வில்சன், எண்ணெய்க் கப்பலை விலகிச் செல்லப் பணித்துவிட்டு, தம் சிறு கப்பலை நேரே பகைவர்மீது திருப்பினார்.

ஒண்டீனாவும் தன் ஒரே பீரங்கியால் சுட்டது. ஹொகோகு மாரு தீப்பற்றி, வெடித்து, மூழ்கியது. வீழ்த்திய குண்டு எக்கப்பலுடையது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பின்னர்க் குண்டுகள் தீரும் நிலையில் பெங்கால் புகைத்திரை விரித்து அகன்றது. ஒண்டீனா அழிந்தது என்றே அதிலிருந்தோர் எண்ணினர்.

ஆனால் ஒண்டீனா அழியவில்லை. அதன் தலைவர் ஹார்ஸ்மன் உயிர் துறந்தார். படகுகளில் இறங்கிய மாலுமிகள்மீதும் பகைவர் சுட்டனர். நீர்மூழ்கு குண்டுகள் தாக்கியும் கப்பல் மிதந்தது. இனி இது தானே மூழ்கும் என்று எண்ணிப் பகைவர் சென்றுவிட, எஞ்சியோர் மீண்டும் ஏறித் தீயை அணைத்தனர். நவம்பர் 18ஆம் தேதி ஃப்ரீமாண்டில் போய்ச் சேர்ந்தனர். பெங்காலும் பத்திரமாகக் கரை சேர்ந்தது. விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படையில் பணியாற்றி, 1960இல் உடைக்கப்பட்டது.

“கண்ணுக்கு மறைந்ததெல்லாம் மூழ்கியது என்று சொல்லாதேடா” என்று கதையை முடிப்பார் பாட்டனார்.

அன்பர்களே, இதை இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. நான் திருப்பதியில் ரயில்வே எழுத்தராக இருக்கிறேன். தம்பி குவைத்தில் இருக்கிறான். சித்தூர் வீட்டைப் பங்கிடுவதில் எங்களுக்குள் மனத்தாங்கல் உண்டாகி, நான்கு ஆண்டுகள் பேச்சில்லை. பொங்கலுக்கும் வாழ்த்தில்லை. அவன் இனி நமக்கு இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

சென்ற மாதம் என் மகன், பள்ளியில் சொல்ல ஒரு கதை வேண்டும் என்றான். பெங்காலின் கதையைச் சொன்னேன். பாட்டனாரின் கடைசிச் சொல் வந்தபோது என் நா எழவில்லை. அன்றிரவே தம்பிக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“அண்ணா, நீங்கள் என்னைத் தலைமுழுகிவிட்டீர்கள் என்றல்லவா இருந்தேன்!” என்றான். பின் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. வீட்டுப் பங்கு இன்னும் தீரவில்லை. வரும் விடுமுறையில் ஊருக்கு வந்து உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறான்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நாம். நம்மில் எவருக்கேனும் இவ்வாறு கணக்கு எழுதி மூடிய உறவு இருக்குமாயின், ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். கப்பல் மிதந்துகொண்டிருக்கலாம்.