ஜடேஜாவும் எங்கள் அளத்துப் பெரியவரும்

ஐப்பசி மழை பிடித்தால் மரக்காணம் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியெல்லாம் வெள்ளம். 2025 நவம்பரில் அப்படி எல்லோரும் சும்மா இருந்தபோதுதான் அந்தச் செய்தி. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கிவிட்டது சென்னை. பத்திரனா, கான்வே, ரச்சின் மூவரையும் விடுவித்துவிட்டார்கள்.

அந்த ஐ.பி.எல்.லில் 14 ஆட்டத்தில் 4 வெற்றி. முதல்முறையாகக் கடைசி இடம். ஏதாவது செய்துதான் ஆகவேண்டும். சாம்சனுக்கு 31 வயது, கீப்பிங்கும் செய்வார். ஜடேஜாவுக்கு 37 நெருங்கிவிட்டது. (44 வயது தோனியை வைத்துக்கொண்டார்கள், அது வேறு கதை!) கணக்கு சரிதான். ஆனாலும் 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி 2 பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் ஆயிற்றே!

நானும் அப்படிக் கணக்குப் போட்டவன்தான். அளத்தில் மேஸ்திரியாக இருந்தபோது ஒரு வருஷம் கோடைமழையில் உப்பு கரைந்து பெருநஷ்டம். அடுத்த தையில் ஆள் எடுக்கையில், எனக்கு உப்பு வாரச் சொல்லிக்கொடுத்த பெரியவரை விட்டுவிட்டு ஓர் இளவட்டத்தைச் சேர்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தார்.

ஜடேஜாவுக்காவது 2008இல் ஆடத் தொடங்கிய ராஜஸ்தான் இருந்தது. பெரியவர் எந்த அளத்துக்குப் போனார் என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.