மண்ணின் முகம்

பேராக் மாநிலத்தின் தைப்பிங் நகரில் 1886ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஆங்கிலிக்கன் தேவாலயம் ஒன்று இன்றும் நிற்கிறது. ‘ஆல் செயின்ட்ஸ்’ எனப்படும் அவ்வாலயம் மரத்தால் ஆனது. அதன் கூர்முனை வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயங்களை நினைவூட்டுகின்றன. மலாயாவுக்கு வந்த ஆங்கிலேயர், தாம் பிறந்த ஊரின் சாயலில் தம் வழிபாட்டு இடத்தை அமைத்துக்கொண்டனர்.

ஆனால், அந்த ஊரில் பிறக்காதவர்களுக்கு எத்தகைய ஆலயம் வேண்டும்? இந்தக் கேள்விக்கு இலங்கையில் ஒரு பள்ளி விடை தேடியது.

கண்டி நகரில் உள்ள டிரினிட்டி கல்லூரி, 1872இல் ஆங்கிலிக்கன் சமய ஊழியர்களால் தொடங்கப்பட்டது. 1904 முதல் 1924 வரை அதன் முதல்வராக இருந்தவர் ஏ. ஜி. பிரேசர். ஆங்கிலக் கல்வியே உயர்வு என்று கருதப்பட்ட காலம் அது. சொந்த மொழியை அறியாத மாணவன் சொந்த மக்களுக்கே அந்நியனாகிவிடுவான் என்பதை உணர்ந்த பிரேசர், சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்தில் சேர்த்தார்.

கல்லூரிக்கென ஓர் ஆலயம் கட்ட முடிவானபோதும் இதே எண்ணம் வழிகாட்டியது. துணை முதல்வராக இருந்த எல். ஜே. கேஸ்டர் அதை வடிவமைத்தார். அவர் இங்கிலாந்தின் கட்டடங்களைப் பார்த்து வரையவில்லை. இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவையின் கட்டடக்கலையை முன்மாதிரியாகக் கொண்டார். அரசர்களின் மண்டபங்களோடு சோழர் எழுப்பிய சிவன் கோயிலும் நிலைத்திருக்கும் நகரம் அது. 1923இல் தொடங்கிய கட்டுமானம் 1935இல் நிறைவடைந்தது. செதுக்கப்பட்ட கல் தூண்கள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. குளிர்நாட்டு ஆலயங்களைப் போலப் பக்கங்கள் அடைபட்டிருக்கவில்லை. மலைக்காற்று உள்ளே தடையின்றி வந்து போகிறது.

ஆலயத்தின் சுவர்களில் ஓவியங்களைத் தீட்டியவர் டேவிட் பெயின்டர். 1900இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்த அவருக்குத் தந்தை ஆங்கிலேயர், தாய் சிங்களவர். அதே கல்லூரியில் பயின்று, லண்டனில் உள்ள அரச கலைக்கழகத்தில் ஓவியம் கற்றுத் திரும்பியவர். மேல்நாட்டு முறையை நன்கு அறிந்திருந்தும், அவர் தம் ஓவியங்களில் இலங்கையின் முகங்களையே வரைந்தார். அவருடைய இயேசுவுக்குத் தாடி இல்லை. நிறமும் இம்மண்ணின் மாந்தருடையது.

ஐரோப்பியப் படங்களில் வெள்ளை நிற இயேசுவையே கண்டு பழகியவர்களுக்கு இது புதுமையாக இருந்திருக்கும். ஆயினும், இயேசு பிறந்தது மேற்கு ஆசியாவில். அவரை வெண்ணிறத்தில் வரைந்த ஐரோப்பிய ஓவியர்களும் தம் மக்களின் முகத்தையே அவருக்குக் கொடுத்தார்கள். எத்தியோப்பிய ஓவியர்களும் அவ்வாறே கரிய, பெரிய கண்களோடு அவரை வரைந்தனர். அந்த உரிமையைத்தான் பெயின்டரும் எடுத்துக்கொண்டார்.

அவர் தேர்ந்தெடுத்த காட்சிகளும் சிந்திக்க வைப்பவை. ஓர் ஓவியத்தில், தன் இரு மகன்களுக்கும் இயேசுவின் அருகே உயர்ந்த இடம் வேண்டும் என்று கேட்கும் தாயைக் காண்கிறோம். பதவியை விரும்புவோர் துன்பத்தையும் ஏற்க முடியுமா என்பதே அதற்கு இயேசு எழுப்பிய வினா. மற்றோர் ஓவியத்தில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு, பிறர் இழிவாக நினைத்த இனத்தைச் சேர்ந்த ஒருவன் உதவுகிறான். இன்னொன்றில், குருவே பணியாளைப்போல் குனிந்து சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். சிலுவைக் காட்சியும் உண்டு. வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பயின்ற பள்ளி அது. பெரிய பதவிகளுக்குச் செல்லவிருந்த அம்மாணவர்கள் நாள்தோறும் கண்டவை, பணிவையும் தொண்டையும் போற்றும் காட்சிகள்.

தைப்பிங் ஆலயம் வந்தவர்களின் ஏக்கத்தைச் சொல்கிறது. கண்டி ஆலயம் இருந்தவர்களின் தன்மதிப்பைச் சொல்கிறது. இரண்டும் காக்கப்பட வேண்டியவையே. எனினும், தன் முகத்தைச் சுவரில் காணும் மாணவனுக்குக் கிடைக்கும் துணிவு தனியானது. வெளியிலிருந்து வரும் அறிவையும் நம்பிக்கையையும் ஏற்றுக்கொள்வதற்காக ஒருவர் தம் மொழியையும் சாயலையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரத் தேவையில்லை. அந்தக் கல் தூண்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் சொல்லி நிற்கின்றன.